சின்னத்துரை கோல்ஃப் ஆடிய சனிக்கிழமை

வேலுப்பிள்ளை மகன் சின்னத்துரைக்கு அவருடைய தகப்பனார் வைத்த பெயரில் ஒரு குற்றமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரோடு வக்கீல்கள் இருந்தார்கள், வாத்தியார்கள் இருந்தார்கள், ஒரு பேர்போன பல் வைத்தியர்கூட இருந்தார். குற்றமெல்லாம் அவர் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்த இடத்தில்தான் இருந்தது.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகிற வழியில், ஆற்றை ஒட்டின சதுப்பில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். காகிதத்தில் அது டன்வார்லிக் எஸ்டேட். அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்து நாக்குச் சுளுக்கிக்கொண்ட தொழிலாளிகள், ஆற்றில் எப்போதோ ஒரு முதலையைப் பார்த்ததை வைத்து முதலைத் தோட்டம் என்று சுருக்கிக்கொண்டார்கள். முதலைத் தோட்டத்தில் மானேஜருக்குப் பெரிய துரை என்று பெயர். அவருக்கு உதவியாகச் சீமையிலிருந்து வருகிற இளவட்டத்துக்குச் சின்னத்துரை என்று பெயர். அவன் சொந்த ஊரில் ஜானோ ஜார்ஜோ, அதைப்பற்றி யாருக்கும் கவலையில்லை. கப்பலை விட்டு இறங்கினான் என்றால் சின்னத்துரை ஆகிவிடுவான்.

ஆகவே, தகப்பனார் வைத்த பெயரோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்ற நம்முடைய சின்னத்துரையை என்ன செய்வது என்று தோட்டத்துக்குத் தெரியவில்லை. அவருக்குச் சின்னத்துரை என்று பெயர் இருக்கலாம், ஆனால் அவரைச் சின்னத்துரை என்று கூப்பிட முடியாது. கணக்கு எழுதுகிறவர் கிராணி. எனவே கிராணி என்றார் துரை. கிராணியார் என்றார்கள் கங்காணிகள். கிராணி ஐயா என்றார்கள் பால்மரம் சீவுகிறவர்கள். மனிதர் தம் பெயரை ஆபீஸ் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வந்த சின்னத்துரைகளை அவர் வரிசையாகப் பார்த்தார். ஒருவன் குடித்தே போனான். ஒருவன் மலேரியாவில் போனான். ஒருவன் அப்போதிருந்த பெரிய துரையின் மைத்துனியோடு போனான். சம்பளச் சீட்டில் கூட்டல் எது, கழித்தல் எது என்று தெரியாத இந்தப் பையன்களுக்கெல்லாம் கிராணியாரின் பெயர் இலவசமாகக் கிடைத்தது. ஆரம்பத்தில், "சின்னதொரை வராரு" என்று யாராவது குரல் கொடுத்தால் கிராணியாரின் தலை தன்னால் திரும்பும். பிறகு திரும்பாமல் பழகிக்கொண்டது. ஆனால் உள்ளே வலித்தது. ஒரு தடவையாவது, இந்தத் தோட்டத்தில் ஒரு ஆள், தம்மை நினைத்து, தம் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் ஏங்கினார். உத்தியோகம் கிடைத்து, கலியாணம் கிடைத்து, கிள்ளானில் ஒரு துண்டு நிலமும் கிடைத்த மனிதருக்கு இது ஒரு ஏக்கமா என்று கேட்டால், ஏக்கம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் அந்த ஏக்கம் தீர்கிற மாதிரி ஒரு திங்கட்கிழமை வந்தது.

அப்போதைய பெரிய துரை மெக்ஃபெயில் என்பவர். சிவந்த முகம், கட்டை மீசை, தோட்டத்துத் தமிழில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். அந்தப் பரீட்சையில் மரியாதைப் பன்மை கேட்கப்படவில்லை போலிருக்கிறது. அன்று காலை அவர் தப்பால்காரன் பக்கிரிசாமியைக் கூப்பிட்டு, "சின்னதொரைக்குச் சொல்லு. சனிக்கிழமை, மூணு மணி, கோல்ஃப் ஆட வரணும்" என்றார்.

பக்கிரிசாமி, பண்டமாரானில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்துவிட்டுப் போன மாதம்தான் தோட்டத்துக்குத் தபால் சுமக்க வந்தவன். வெள்ளைக்காரச் சின்னத்துரையை அவன் பார்த்ததே இல்லை. பழையவன் லீவில் போய் இரண்டு மாதமாகிறது, பங்களா பூட்டிக் கிடக்கிறது. புதியவன் ஒருவன் கப்பலில் வந்துகொண்டிருக்கிறான், சனிக்கிழமை காலை அவன் இறங்கியதும் சொல்ல வேண்டிய செய்தி இது என்பது மெக்ஃபெயிலுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. பக்கிரிசாமிக்குத் தெரிந்ததெல்லாம் தபால் பை. அந்தப் பையில், சின்னத்துரை என்று விலாசமிட்டு யாழ்ப்பாணத்திலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கடிதம் வருவது ஒரே ஒரு ஆளுக்கு. அவன் நேராக ஆபீசுக்கு வந்தான்.

"கிராணியாரே, நீங்கதானே சின்னதுரை?"

பேனா நின்றது. "ஓம். ஏன்?"

"பெரிய தொரை உங்கள சனிக்கெழம மூணு மணிக்குக் கோல்ஃபு ஆட வரச் சொன்னாருங்க."

"என்னையோ? வடிவாக் கேட்டனியோ?"

"சின்னதொரைன்னு பேரச் சொல்லித்தாங்க சொன்னாரு. இந்தத் தோட்டத்துல வேற யாருக்குங்க அந்தப் பேரு?"

இதைவிட நல்ல நியாயத்தைக் கிராணியார் கேட்டதில்லை. அடுத்த அறையில்தான் மெக்ஃபெயில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கெட்டுவிடும் என்று அவருக்குள் ஏதோ சொன்னது. வியாழக்கிழமை மெக்ஃபெயிலே வாயைத் திறந்து, "சனிக்கிழமை நான் கோல்ஃப் ஆடப் போகிறேன், ஆபீசைச் சீக்கிரம் பூட்டிவிடு" என்று இங்கிலீஷில் சொன்னார். சீக்கிரம் பூட்டச் சொன்னது தாம் உடுப்பு மாற்றிக்கொள்ள நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் என்று கிராணியார் புரிந்துகொண்டார். துரைக்குத்தான் எவ்வளவு முன்யோசனை.

வீட்டில் மனைவி குணேஸ்வரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "துரை தன்ர வாயால உங்களிட்டச் சொன்னவரோ?"

"தப்பால்காரனிட்டச் சொல்லி அனுப்பினவர்."

குணேஸ்வரி வெள்ளைக் காற்சட்டையை எடுத்து நீலம் போட்டுத் துவைத்தாள்.

கோல்ஃப் என்பது என்ன என்று கிராணியாருக்கு அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடியவர். அதில் ஓடி வருகிற பந்தையே அடித்தவருக்குச் சும்மா கிடக்கிற பந்தை அடிப்பது பெரிய காரியமா என்று எண்ணினார். புகைக்கூடத்துக்குப் பின்னால் போய் எலுமிச்சங்காயைக் குடைக் கைப்பிடியால் அடித்துப் பழகினார். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் ஊறுகாய்க்கு வைத்திருந்த காயெல்லாம் தீர்ந்தது, குடையும் தீர்ந்தது.

சப்பாத்துக்கு என்ன செய்வது? பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆடிட் ஆபீசில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் கனகலிங்கத்துக்கு எழுதினார். கனகலிங்கம் சப்பாத்தைக் கொடுத்தனுப்பினார், கூடவே செய்தியைப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரப்பினார். புதன்கிழமை, துரை கிராணியாரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்றிருந்தது. வியாழக்கிழமை, கிளப்பில் அங்கத்தினராகச் சேர்த்துவிட்டார்கள் என்றாயிற்று. வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் பேசிக்கொண்டபடி பார்த்தால், உதவி மானேஜர் பதவி கைக்கு வந்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனகலிங்கம் வீட்டில் விருந்து, கிராணியார் வந்து ஆட்டத்தை விவரிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அந்தக் கோல்ஃப் திடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைமார்கள், ரப்பரே வளர மறுத்த ஒரு நிலத்தைத் தேடிப் பிடித்து ஒன்பது குழிகள் வெட்டியிருந்தார்கள். முதல் மூன்று குழிக்குப் போகிற வழியில் பாரிட் என்கிற பெரிய வாய்க்கால் மூன்று இடத்தில் குறுக்கே ஓடும். கடல் ஏறும்போது அதில் தண்ணீர் ஏறும், பந்தும் போகும். நாலாவது குழி ஒரு செம்மண் மேட்டின் உச்சியில். சரியாக அடிக்காவிட்டால் பந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து காலடியில் நிற்கும். அந்த மேட்டின் சரிவில் பழைய சீனர் கல்லறைகள். கல்லறைமேல் விழுந்த பந்தை அபராதமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விதி செய்திருந்தார்கள். உள்ளே படுத்திருக்கிறவர்களிடம் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. மற்ற இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு லாலான் புல். அதற்குள் போன பந்தைத் தேடப் போகிறவனை முதலில் அட்டை கண்டுபிடித்துவிடும். சீமையில் புல்வெளி பார்த்துச் சலித்த துரைமார்கள் இதை ரொம்பக் கடினமான திடல் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். ஆசியாக்காரர்கள் இங்கே புல் வெட்டலாம், பை தூக்கலாம். ஆட்டம் துரைமார்களுக்கு.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிராணியார், நீலம் போட்ட வெள்ளைக் காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் கனகலிங்கத்தின் சப்பாத்துமாகத் திடலில் போய் நின்றார். மெக்ஃபெயில் அவரைப் பார்த்தார்.

"கிராணி, ஆபீசில் ஏதாவது தீப்பிடித்துவிட்டதா?"

"இல்லை, சார். என்னை ஆட வரச் சொன்னீர்கள்."

"உன்னையா?"

"சின்னத்துரையை வரச் சொன்னதாகத் தப்பால்காரன் சொன்னான், சார்."

"சின்னத்துரையைத்தான் சொன்னேன்."

"அது என் பெயர், சார்."

மெக்ஃபெயில் கிராணியாரின் சப்பாத்தையும் காலுறையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ரூட் துரைக்கு விஷயம் முதலில் பிடிபட்டது. ரூட் அடுத்த தோட்டத்து மானேஜர், அந்த வருஷம் கிளப்புக்குக் காரியதரிசியும் அவர்தான். அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. கிராணியாருக்குக் காது மடல் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்தார்.

போகவிடவில்லை. இரண்டு தோட்டங்களுக்கும் வருஷா வருஷம் நடக்கிற போட்டி அது. பெரிய துரையும் சின்னத்துரையும் ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒரே பந்து. ஒரு தடவை இவர் அடித்தால் மறு தடவை அவர் அடிக்க வேண்டும். ரூட் தம் சின்னத்துரையோடு வந்துவிட்டார். காலையில் துறைமுகத்தில் இறங்க வேண்டிய மெக்ஃபெயிலின் பையனை இன்னும் காணோம். ஜோடி இல்லையென்றால் மெக்ஃபெயில் தோற்றதாகக் கணக்கு.

"நீ சின்னத்துரை வருவான் என்றாய். ஒரு சின்னத்துரை வந்துவிட்டான்," என்றார் ரூட். "காரியதரிசி என்ற முறையில் அனுமதிக்கிறேன். கிளப் கட்டடத்துக்குள் மட்டும் வர வேண்டாம்."

மெக்ஃபெயில் யோசித்தார். ரூட்டிடம் ஆடாமல் தோற்பதைவிடக் கிராணியோடு ஆடித் தோற்பது மேல் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "சரி, வா. நான் சொன்னபடி அடி," என்றார்.

முதல் குழியில் கிராணியார் ஓங்கி அடித்ததில் ஒரு பெரிய புல்கட்டி வெகு அழகாகப் பறந்து போயிற்று. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவதில் பந்தும் பறந்தது, பாரிட்டுக்குள். மெக்ஃபெயில், தமிழ்ப் பரீட்சையில் கேட்கப்படாத ஆனால் தாமாகவே கற்றுத் தேர்ந்திருந்த சில வார்த்தைகளைப் பயன்படுத்தினார். மூன்றாவது குழியும் ரூட் கணக்கில் சேர்ந்தது.

நாலாவதில் கிராணியாருக்கு அதிர்ஷ்டம் பிறந்தது. மேட்டை நோக்கி அவர் அடித்த பந்து கோணலாகப் போய் ஒரு கல்லறைக் கல்லில் மோதி, அங்கிருந்து எகிறி, குழியைச் சுற்றின மொட்டைப் புல்லில் போய் விழுந்தது. மெக்ஃபெயில் அதைத் தட்டி உள்ளே விட்டார். ஐந்தாவதில் ரூட்டின் பந்தை முட்டை என்று நினைத்து ஒரு பெரிய உடும்பு கவ்விக்கொண்டு பாரிட்டுக்குள் இறங்கிவிட்டது. உடும்புக்கு விதி எழுதப்படவில்லை என்பதால் ரூட் அரை மணி நேரம் வாதாடித் தோற்றார். ஆறாவதிலும் ஏழாவதிலும் கிராணியாரின் கை மெல்லப் படிந்தது. எலுமிச்சங்காய் வீண்போகவில்லை, இரண்டு குழியும் மெக்ஃபெயில் கணக்கில் சேர்ந்தன. அவர் பந்தைப் பார்த்தார், மட்டையைத் தூக்கினார், அடித்தார். பந்து போக வேண்டிய பக்கம் போயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. துரையோடு ஆடுகிறோம் என்ற சந்தோஷம் அல்ல. அடித்தது சரியாக விழுந்த சந்தோஷம்.

"நல்ல அடி, சின்னத்துரை," என்றார் மெக்ஃபெயில்.

ஆட்ட வேகத்தில் அவர் வாயில் வந்துவிட்டது. கிண்டல் இல்லை, யோசனையும் இல்லை. கிராணியார் அட்டை கடித்த காலைக்கூடச் சொறியாமல் நின்றார். இத்தனை வருஷம் காத்திருந்தது வந்துவிட்டது. இனித் தோற்றாலும் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்று நினைத்தார். அப்படி நினைத்தது எட்டாவது குழி வரைக்கும்தான். எட்டாவதை ரூட் எடுத்ததும் இரு பக்கமும் சமம் என்றாயிற்று. அப்போது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவருக்கும் பிடித்துக்கொண்டது.

ஒன்பதாவது குழி கிளப் கட்டடத்துக்கு எதிரில். மாடி வராந்தாவில் துரைசானிமார்கள் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூட் பக்கம் ஒரு அடி வீணாயிற்று. மெக்ஃபெயில் தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழிக்கு இரண்டு சாண் இப்பால் வந்து நின்றது. அடுத்த அடி கிராணியாருடையது. சும்மா தொட்டால் போதும், தோட்டம் ஜெயித்துவிடும். அவர் மட்டையை வாங்கிக்கொண்டு, வேட்டைக்காரப் பூனை கணக்காகக் குனிந்து நின்றார்.

அந்தச் சமயம் பார்த்து, மெக்ஃபெயில் துறைமுகத்துக்கு அனுப்பியிருந்த மோட்டார் வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு, வெயில் பட்டு இன்னும் சிவக்காத ஒரு பையன் இறங்கினான். துறைமுகத்தில் சுங்கத்தார் பெட்டியைத் தேடத் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டான்.

மெக்ஃபெயில் முகம் மலர்ந்தது. "சின்னதொரை வந்தாச்சு," என்று பை தூக்குகிறவர்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார். பிறகு கிராணியாரின் கையிலிருந்து மட்டையை எடுத்தார். பிடுங்கினார் என்று சொல்லக்கூடாது. ஒருவன் கையில் மறதியாக இருந்துவிட்ட தம் பொருளை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்தார். பையனிடம் கொடுத்தார். ரூட், கடைசியில் சரியான ஆள் வந்துவிட்டதால், ஆட்சேபிக்கவில்லை. பையன் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து பந்தைத் தொட்டான். உள்ளே போயிற்று.

வராந்தாவில் கை தட்டினார்கள். மெக்ஃபெயில் பையனின் தோளில் கை போட்டுக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் நினைவு வந்து திரும்பி, "கிராணி, நீயும் மோசமில்லை. திங்கட்கிழமை அரை மணி தாமதமாக வா," என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிளாஸ் சோடா வெளியே வந்தது.

பை தூக்குகிறவர்களின் பெஞ்சியில் உட்கார்ந்து அவர் அதைக் குடித்தார். பக்கிரிசாமி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"தப்பாச் சொல்லிட்டேங்க கிராணியாரே. தொரை திட்டிட்டாரு. கடுதாசில உங்க பேருதானேங்க வருது."

"உன்னில பிழையில்லை," என்றார் கிராணியார். "இனிமேல் கிராணி எண்டே விலாசம் எழுதச் சொல்லுறன்."

அழுகை வந்தது. சோடா மூக்கில் ஏறிவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போகாமல் இருக்க வழியில்லை. கிள்ளானில் ரயில் ஏறியதிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தார். கனகலிங்கம் வீட்டுக் கூடத்தில் ஆடிட் ஆபீசே கூடியிருந்தது. கனகலிங்கத்தின் மனைவி மார்க்கிரட்டும் குணேஸ்வரியும் சமையல்கட்டு வாசலில் நின்றார்கள்.

"முதல்ல அதைச் சொல்லும். ஆர் வெண்டது?" என்றார் கனகலிங்கம்.

"சின்னத்துரை கடைசி அடியை அடிச்சு, எங்கட தோட்டம் வெண்டது," என்றார் கிராணியார்.

ஒரு எழுத்துப் பொய் இல்லை. கூடம் அதிர்ந்தது. கனகலிங்கம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்கட சின்னத்துரை, எங்கட சின்னத்துரை" என்று எல்லாரிடமும் காட்டினார். இத்தனை வருஷம் எந்தப் பெயரைக் களவு கொடுத்ததாக நினைத்து அவர் புழுங்கினாரோ, அதே பெயரை அன்று அந்த வெள்ளைக்காரப் பையனிடமிருந்து திருடிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கல்லறைக் கல்லையும் உடும்பையும் அவர் சொல்லச் சொல்லச் சிரிப்பு. அதெல்லாம் நிஜம் என்பதால் நன்றாகவே சொன்னார். ஒன்பதாவது குழியை மட்டும் சுருக்கிவிட்டார். பாயசம் இரண்டாம் தடவை வந்தது. சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அதை இனிக் காலில் போடமாட்டேன், கண்ணாடி அலமாரியில் வைக்கப்போகிறேன் என்றார் கனகலிங்கம்.

சாயங்கால ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். பெட்டியில் கூட்டமில்லை. பெட்டாலிங் தாண்டியதும் குணேஸ்வரி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"சின்னத்துரைக்கு என்ன வயசிருக்கும்?"

கலியாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர் அது. புருஷன் பெயராயிற்றே என்று, வந்து போன வெள்ளைக்காரப் பையன்களைக்கூட அவள் 'அந்த மற்றத் துரை' என்றுதான் சொல்லுவாள். இப்போது தயங்காமல், நாக்கைக் கடித்துக்கொள்ளாமல், யாரோ மூன்றாம் மனிதனின் பெயரைச் சொல்லுகிற மாதிரி முழுசாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

கிராணியார் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மட்டை பிடித்ததில் உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது.

"இருபத்திரண்டு இருக்கும்," என்றார். "நல்ல பொடியன்."